பாணும் நாணயத்தாளும்: 1923 இன் ஜேர்மனியில் அன்றாட வாழ்வும் நம்பிக்கையும்

பணவீக்கம் என்பது பெரும்பாலும் பொருளியலாளரின் ஆய்வுப்பொருளாகவே இருந்து வந்துள்ளது. விலைச்சுட்டெண்கள், நாணயமாற்று வீதங்கள், வரவுசெலவுத்திட்டப் பற்றாக்குறை ஆகியவற்றினூடாக அது விளக்கப்படுகின்றது. இவ்விளக்கங்களின் பயனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின் ஒரு சமுதாயத்தின் பணம் செத்துப்போகும்போது அங்கு வாழ்ந்த மனிதர் எதை உண்டனர், எதை விற்றனர், எதை நம்பி மறுநாளுக்குக் காத்திருந்தனர் என்னும் வினாக்கள் அட்டவணைகளுக்குள் அகப்படுவனவல்ல. இவ்வினாக்களை எழுப்ப இலக்கிய மாணவருக்கும் உரிமையுண்டு. 1923 இன் ஜேர்மனியைப் பொறுத்தவரை, இவற்றை முதலில் எழுப்பியோருள் அக்காலத்து எழுத்தாளரும் அடங்குவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடயத்தில் நமக்குள்ள ஈடுபாடு ஏட்டுச்சுவடியினின்று மட்டும் பிறந்ததன்று. 2022 ஏப்பிரல் 12 ஆந் திகதி இலங்கை அரசு தனது வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்து காணப்பட்டது. காகிதமில்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளிற் பரீட்சைகள் பின்போடப்பட்டன. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நீண்ட வரிசைகளில் நின்ற அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. எனினும் மாதமொன்றுக்கு 50 வீதத்துக்கு மேற்பட்ட விலையேற்றம் என்னும் பொருளியல் வரைவிலக்கணத்தின்படி அது மிகைப்பணவீக்கம் அன்று. 1923 ஒக்டோபரில் ஜேர்மனியில் விலைகள் நான்கு நாளுக்குள் இருமடங்காகிக் கொண்டிருந்தன. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வரலாற்று நேர்மையாகாது. நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஜேர்மனியையே; நமது அனுபவம் அதனை உற்றுநோக்கும் கண்ணைத் தந்துள்ளது, அவ்வளவே.

காரணங்களைச் சுருங்கக் கூறலாம். 1914 ஓகஸ்டில் யுத்தம் மூண்டதும் நாணயத்தாளைத் தங்கமாக மாற்றிக் கொடுக்கும் கடப்பாட்டினை ஜேர்மன் மத்திய வங்கி கைவிட்டது. யுத்தச் செலவு செல்வர் மீது வரிவிதித்துத் திரட்டப்படவில்லை. ஒன்பது தடவை வெளியிடப்பட்ட கடன்பத்திரங்களாலும் அச்சியந்திரத்தாலும் ஈடுசெய்யப்பட்டது. தோற்கும் நாடுகள் அக்கடனைத் தீர்த்துவைக்கும் என ஆளும் வர்க்கம் கணக்கிட்டிருந்தது. தோற்றது ஜேர்மனியே. 1921 மே மாதத்தில் அதன் மீது 13,200 கோடி பொன் மார்க் இழப்பீடு விதிக்கப்பட்டது. 1923 ஜனவரி 11 இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் றூர்ப் பள்ளத்தாக்கினுட் புகுந்தன. கூனோவின் அரசாங்கம் சாத்வீக எதிர்ப்புக்கு அழைப்பு விடுத்து, வேலையை நிறுத்திய சுரங்கத் தொழிலாளருக்கும் உற்பத்தியை நிறுத்திய முதலாளிகளுக்கும் அச்சிட்ட தாளைக் கொண்டே படியளந்தது. இழப்பீடே சகல தீமைக்கும் மூலம் என்று அந்நாளைய தேசியவாதிகள் முழங்கினர். அச்சியந்திரமே மூலம் எனப் பின்வந்த தாராளவாதப் பொருளியலார் பலர் கூறினர். இரண்டிலும் உண்மையுண்டு. ஆனால் அச்சியந்திரம் யாருக்காகச் சுழன்றது என்பதை இருசாராரும் ஆழ்ந்து நோக்கினரல்லர்.

ஹூகோ ஸ்ரின்னெஸ் என்னும் பெருமுதலாளியின் வரலாறு இதற்கு விடையளிக்கின்றது. நிலக்கரி, உருக்கு, கப்பல், காகிதம், பத்திரிகை, விருந்தினர் விடுதி என யாவற்றையும் ஒரே குடையின்கீழ்ச் சேர்த்தவர் இவர். வழிமுறை எளியது: வங்கியிற் கடன் பெற்று ஆலையை வாங்குவது; மார்க் வீழ்ந்தபின் அக்கடனை ஒரு நேரச் சாப்பாட்டின் விலைக்குத் தீர்ப்பது; ஏற்றுமதியால் வரும் டொலரை வெளிநாட்டிலேயே வைத்திருப்பது. மத்திய வங்கியோ மார்க்கின் வீழ்ச்சி வேகத்தோடு ஒப்பிடின் இலவசம் எனத்தக்க வட்டிக்கு அவரையொத்தோருக்குக் கடன் வழங்கிற்று. நாணயம் உறுதிப்படவேண்டுமாயின் தொழிலாளர் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் மேலதிகமாக, ஊதியமின்றி உழைக்கவேண்டும் என 1922 நவம்பரில் இவர் பகிரங்கமாகவே கூறினார். ஹைன்ரிஹ் மான் 1925 இல் எழுதிய 'கோபெஸ்' என்னும் அங்கதக் குறுங்கதையின் நாயகன் ஸ்ரின்னெஸை மாதிரியாகக் கொண்டவனே. அந்நூலுக்கு ஜோர்ஜ் குறோஸ் கல்லச்சு ஓவியங்கள் வரைந்தார். கலையென்ற வகையில் அக்கதை சற்று வரண்டதே. ஆனால் யாரைச் சுட்டவேண்டுமோ அவரைச் சுட்டிற்று.

இனி அன்றாட வாழ்வுக்கு வருவோம். யுத்தத்துக்கு முன் ஒரு டொலர் 4.2 மார்க். 1923 ஜனவரியில் ஏறத்தாழ 18,000. ஜூலையில் மூன்றரை இலட்சம். ஓகஸ்டில் 46 இலட்சம். செப்டெம்பரில் ஏறத்தாழப் பத்துக் கோடி. ஒக்டோபரில் 2,500 கோடி. இவை மாதச் சராசரிகள். நவம்பர் 20 இல் ஒரு டொலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க். 1922 இறுதியில் பேர்லினில் ஏறத்தாழ 160 மார்க்குக்கு விற்ற ஓர் இறாத்தல் பாண், ஓராண்டு கழிவதற்குள் 20,000 கோடியைத் தொட்டது. இறுதியாக அச்சிடப்பட்ட மிகப் பெரிய தாளின் பெறுமதி 100 இலட்சம் கோடி. தமிழிலே 'கோடி கோடி' என்பது மிகைக்கூற்று. எண்ணளவில் அத்தாள் சரியாக ஒரு கோடி கோடியே.

எண்கள் இவ்வாறு பெருகியபோது மாறியது பணம் மட்டுமன்று. காலத்தைப் பற்றிய உணர்வும் மாறிற்று. மாதச் சம்பளம் வாரச் சம்பளமாயிற்று. பின்னர் வாரத்துக்கு இருமுறை. இறுதியில் தினந்தோறும் கொடுக்கப்பட்டது. ஆலை வாயிலிற் கூடையுடன் மனைவியர் காத்து நிற்பர். சம்பளக் கட்டு கைமாறியதும், அன்றைய டொலர் விலை பேர்லினிலிருந்து எட்டுமுன் கடைக்கு ஓடவேண்டும். விலை அறிவிக்கப்பட்ட பின்னர் அக்கட்டு பாதிப் பாணுக்கும் போதாமற் போகலாம். கோப்பி அருந்தி முடிப்பதற்குள் அதன் விலை இரட்டித்த கதையும், கூடை நிறையப் பணத்தை வீதியில் வைத்துத் திரும்பியபோது பணத்தைக் கொட்டிவிட்டுக் கூடையை மட்டும் கள்வன் கொண்டுசென்ற கதையும் பலமுறை சொல்லப்பட்டுவிட்டன. இவை நடந்தனவா, புனைந்தனவா என்பது பற்றி நாம் வாதிடப் போவதில்லை. மக்கள் இவற்றைச் சிரித்துக்கொண்டு சொன்னார்கள் என்பதே நமக்கு முக்கியம். ஓடுவதற்குக் கால்களும் நிற்பதற்கு நேரமும் உள்ளவரே அக்காலத்திற் பிழைத்தனர். முதியவரும் நோயாளரும் கைக்குழந்தையுடைய பெண்களும் ஓட்டத்திற் பின்தங்கினர். ஆலையில் எட்டு மணிநேரம், வரிசையில் நான்கு மணிநேரம் என்பதே உழைக்கும் பெண்ணின் நாளாயிற்று. பிந்திய நான்கு மணிநேரத்தை எந்தச் சம்பளப் பட்டியலும் கணக்கில் எடுக்கவில்லை. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நின்றோர்க்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை.

புத்தகத்தின் நிலை பற்றியும் ஒரு சொல். 1922 இலையுதிர் காலந்தொட்டு ஜேர்மன் நூல்விற்பனையாளர் சங்கம் 'திறவு எண்' என ஒன்றை வெளியிட்டு வந்தது. நூலின் அடிப்படை விலையை அன்றைய திறவு எண்ணாற் பெருக்கினால் விற்பனை விலை கிடைக்கும். ஜோர்ஜ் லூகாச்சின் 'வரலாறும் வர்க்கப் பிரக்ஞையும்' பேர்லினில் மாலிக் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டதும், ஏர்ன்ஸ்ட் புளொக்கின் 'கற்பனாவாதத்தின் ஆன்மா' திருத்திய பதிப்பாக வந்ததும் இதே 1923 ஆம் ஆண்டில்தான். முன்னையது சமூக உறவுகள் சடப்பொருள்களின் உறவுகளாகத் தோற்றமளிப்பதை ஆராய்ந்தது. பின்னையது நம்பிக்கையையே தத்துவப் பொருளாக்கிற்று. இந்நூல்களின் விலையை வாசகன் பெருக்கற் கணக்கொன்று செய்தே அறியவேண்டியிருந்தது. நூற்கருத்துக்களை நூல் பிறந்த சந்தையினின்று பிரித்து நோக்குவோர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று.

மத்திய வங்கிக்காக 130 க்கும் மேற்பட்ட அச்சகங்களும் 30 காகித ஆலைகளும் இயங்கின. அதுவும் போதவில்லை. நகரசபைகளும் ஆலைகளும் தத்தம் அவசரப் பணத்தை வெளியிட்டன. முன்னரே பீலஃபெல்ட் நகரம் பட்டுத்துணியிலும் சக்சனி போசிலினிலும் பணம் செய்திருந்தன. இவை பெரும்பாலும் சேகரிப்போரை நோக்கியவை. 1923 செப்டெம்பரில் துரிங்கிய மாநில வங்கிக்காக இலட்சக்கணக்கான மார்க் தாள்களை வடிவமைத்தவர் பௌஹவுஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த ஹேர்பேர்ட் பாயர். அதே வேளையில் வைமாரில் அப்பள்ளியின் பெருங்கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. நவீன எழுத்துருக் கலையின் முதல் மக்கள் பிரசுரங்களுள் ஒன்று, சில வாரங்களிற் செல்லாக்காசாகப்போகும் தாள் என்பது ஒரு முரண்.

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். 1923 இன் ஜேர்மனியில் இவ்விரு பொருளும் ஒருங்கே ஆட்டங்கண்டன. ஆலயக் கூரைகளின் ஈயமும் கதவுகளின் பித்தளைப் பிடிகளும் களவு போயின. நகரத்தவர் கூட்டங்கூட்டமாகக் கிராமங்களுக்குச் சென்று உருளைக்கிழங்கு வயல்களைத் தோண்டினர். பியானோவும் படுக்கை விரிப்பும் வெண்ணெய்க்கும் பன்றிக் கொழுப்புக்கும் கைமாறின. மருத்துவர் சிலர் கட்டணத்தை முட்டையாகக் கேட்டனர். உழைத்துச் சேமித்தவன் மூடன், கடன்பட்டு வாங்கியவன் அறிவாளி என்றாயிற்று. பாட்டியின் சிறுவீட்டையே குடித்துத் தீர்ப்பதைப் பாடும் வேடிக்கைப் பாடலொன்று 1922 இல் நாடெங்கும் ஒலித்தது. ஒழுக்கச் சீர்கேடு என்று மதகுருமார் இவற்றைக் கண்டித்தனர். பசித்தவன் கிழங்கு தோண்டுவதையும், டொலர் வைத்திருப்பவன் ஒரு மாதத் தங்கற் செலவில் ஒரு மாடி வீட்டை வாங்குவதையும் ஒரே தராசில் நிறுக்கும் ஒழுக்கவியலை நம்மால் ஏற்க முடியாது.

தோமஸ் மானின் 'ஒழுங்கின்மையும் இளந்துயரும்' என்னும் நெடுங்கதை (1925) இக்காலத்தின் சின்னஞ்சிறு விவரங்களைத் தாங்கி நிற்பது. பேராசிரியர் கோர்னேலியஸின் இல்லத்தில் முட்டை வாங்குவதே ஒரு சதித்திட்டம். வாரத்துக்கு ஒரு வீட்டுக்கு ஐந்து முட்டைதான். ஆதலால் வீட்டு இளைஞர் ஒருவர்பின் ஒருவராக வெவ்வேறு பெயர் சொல்லிக் கடையினுள் நுழைகின்றனர். பேராசிரியர் வரலாற்றாசிரியர். முடிந்துபோன வரலாற்றையே அவர் நேசிக்கிறார். கண்முன் நிகழும் வரலாறு அவருக்கு அருவருப்பூட்டுகின்றது. இரண்டாம் பிலிப் மன்னனைப் பற்றிய விரிவுரையைத் தயாரிப்பது அவருக்கு ஆறுதல். இவ்விடத்தில் மானின் நுண்மை பாராட்டற்குரியது. தன் வர்க்கத்தின் நோயை அவர் நன்கறிந்திருந்தார். ஆனால் அதே வீட்டின் சமையலறையிற் கீழ் மத்தியதர வர்க்கத்திலிருந்து சரிந்து வந்து வேலைசெய்யும் சகோதரியர் இருவர் உள்ளனர். அவர்களின் புண்பட்ட மானத்தை ஆசிரியர் நகைச்சுவைப் பொருளாகவே கையாள்கின்றார். பேராசிரியரின் துயருக்கு உள்மனம் உண்டு. அவர்களுடையதற்கு வெளித்தோற்றம் மட்டுமே உண்டு. பத்தாண்டுக்குள் இத்தகையோரின் புண்பட்ட மானம் எங்கு கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டது என்பதை அறிந்த நாம் அச்சிரிப்பில் முழுமனதுடன் கலந்துகொள்ள இயலாதவர்களாயுள்ளோம்.

ஹன்ஸ் ஃபல்லாடாவின் 'ஓநாய்களிடை ஓநாய்' இதனினும் பரந்த களத்தை எடுத்துக்கொள்கின்றது. 1923 ஜூலையின் ஒரு காலையில், பேர்லினின் வாடகை அறைகளில் அது தொடங்குகின்றது. சூதாடி, பழைய படையதிகாரி, நிலவுடைமையாளன், வேலையற்றவன், சிறைப்பட்ட பெண் எனப் பலரும் அதனுள் வருகின்றனர். நாவல் 1937 இல், நாசி ஆட்சியின்கீழ் வெளிவந்தது என்பதை வாசகர் மறக்கலாகாது. வைமார்க் குடியரசைச் சீரழிவாகக் காட்டியமை ஆட்சியாளருக்கு உவப்பாயிருந்தது. கோயபெல்ஸ் அதனை மெச்சினான். ஆயினும் வயிற்றுப்பசியைப் பற்றி ஃபல்லாடா எழுதிய பக்கங்கள் எந்தப் பிரசாரத்துக்கும் அடங்காதவை.

இவ்வெழுத்துக்களுள் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது வால்டர் பெஞ்சமினின் சில பக்கங்களே. 1923 இல் ஜேர்மன் பணவீக்கத்தினூடான ஒரு பயணமாக அவர் எழுதிய குறிப்புகள் 1928 இல் 'ஒருவழிப் பாதை' என்னும் நூலிற் சேர்ந்தன. 'இப்படியே இனியும் போகாது' என்று எங்கும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தமையே அவரது கவனத்தை ஈர்த்தது. முந்திய நிலைமை இவர்களுக்கு அனுகூலமாயிருந்தது. ஆதலால் அதுவே உறுதியான நிலை என்றும் இப்போதையது தற்காலிகக் குழப்பம் என்றும் எண்ணினர். தேய்வும் ஓர் உறுதியான நிலையாக இருக்கலாம் என்பதை அவர்களாற் காண முடியவில்லை. நம்பிக்கையென்று அவர்கள் கொண்டது உண்மையிற் பழைய வட்டிவீதத்துக்கான ஏக்கமே எனப் பெஞ்சமினின் கருத்தை நாம் விரித்துரைக்கலாம்.

'நம்பிக்கை' என்னும் சொல்லும் தமிழில் இரட்டைப் பொருளுடையதே. வங்கித்தாளின் மீது நாம் வைப்பதும் நம்பிக்கை; வருங்காலத்தின் மீது வைப்பதும் நம்பிக்கை. முன்னது அழிந்தபோது பின்னதற்கு என்ன நேர்ந்தது?

பண்ட வணக்கம் பற்றி மார்க்ஸ் 'மூலதனத்'திற் கூறியதைக் கற்றோர், பணத்தின் மாயை உடைந்ததும் மக்களுக்கு உண்மை விளங்கியிருக்கும் என எதிர்பார்க்கக்கூடும். பணம் என்பது ஒரு சமூக உறவேயன்றித் தனியாற்றலுடைய பொருளன்று என்பது 1923 இற் குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. கட்டுக்கட்டான தாள்களை அடுக்கி அவர்கள் கோபுரம் கட்டினர். ஆனால் மாயை உடைவது வேறு, மாயையைத் தோற்றுவிக்கும் உறவுகள் மாறுவது வேறு. மார்க்கின் பீடம் வெறுமையானதும் அதில் டொலர் அமர்ந்தது. டொலர் கிட்டாதோருக்கு உருளைக்கிழங்கு அமர்ந்தது. பொறிவு தானாகவே பிரக்ஞையைத் தரும் என்று நம்பிய தோழர்கள் அன்றும் இருந்தனர், பின்னரும் இருந்துள்ளனர். 1923 அவர்களுக்குச் சாதகமான சான்று அளிக்கவில்லை.

எங்கும் தீர்க்கதரிசிகள் கிளம்பினர். முன்னர் ஷம்பேன் வணிகராயிருந்த லுட்விக் ஹொய்சர் தாடி வளர்த்து, ஊரூராய்ச் சென்று, தம்மையே மீட்பராக அறிவித்தார். அவர் பேச்சைக் கேட்க மண்டபங்கள் நிரம்பின. இத்தகையோரை வரலாற்றாசிரியர் 'பணவீக்கப் புனிதர்' எனப் பிற்காலத்தில் அழைத்தனர். இது சிரிப்புக்குரிய பக்கம். சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. 1923 நவம்பர் 5 இற் பேர்லினில் பாண் விலை ஒரே நாளிற் பன்மடங்காக ஏறிற்று. உதவிப்பணம் பெறக் கூடியிருந்த வேலையற்றோரிடம் பணமில்லை எனக் கூறப்பட்டது. அக்கூட்டத்திடையே தூண்டுவோர் நுழைந்தனர். அருகிலிருந்த ஷொய்னென்ஃபீர்டெல் பகுதியின் வறிய யூதர் தாக்கப்பட்டனர், கடைகள் சூறையாடப்பட்டன. மூன்று நாட்கள் கழித்து மூனிச்சில் ஹிட்லர் தன் முதலாவது கவிழ்ப்பு முயற்சியை நடத்தினான். பிராங்பேர்ட்டில் மாணவனாக இப்பணவீக்கத்தைக் கண்ட எலியாஸ் கனெற்றி, 1960 இல் வெளிவந்த தமது 'திரளும் அதிகாரமும்' என்னும் நூலில், தன் மதிப்பு சிதைந்த திரள் வேறொரு கூட்டத்தை மதிப்பற்றதாக்க முனையும் என வாதிட்டார். கூர்மையான வாதமே. எனினும் ஷொய்னென்ஃபீர்டெல்லுக்குக் கூட்டம் தானாகத் திரும்பியதன்று, திருப்பப்பட்டது. பணவீக்கத்தால் ஆதாயமடைந்தோரின் மாளிகைகள் மேற்கு பேர்லினில் இருந்தன. அங்கு எவரும் அழைத்துச் செல்லவில்லை.

மூன்றாவது வகை நம்பிக்கை ஒன்று இருந்தது. அதுபற்றிப் பாடநூல்கள் பேசுவது குறைவு. 1922 இன் பிற்பகுதியிலிருந்து பல தொழில் நகரங்களில் ஆலைத் தொழிலாளர் குழுக்களைச் சார்ந்து விலைக் கட்டுப்பாட்டுக் குழுக்கள் தோன்றின. இவற்றிற் பங்குகொண்டோருட் பலர் தொழிலாளர் குடும்பப் பெண்கள். சந்தைக்குச் சென்று வெண்ணெய்க்கும் கிழங்குக்கும் விலை கேட்பது, பதுக்கலைக் கண்டுபிடிப்பது, நியாயவிலைக்கு விற்கச் செய்வது இவர்களின் பணி. வீட்டு வேலை என ஒதுக்கப்பட்ட கொள்வனவு, அரசியற் செயலாக மாறிய தருணம் இது. வரிசையில் நின்ற அந்த ஊதியமற்ற நான்கு மணிநேரம் இங்கே ஒரு அமைப்பாகத் திரண்டது. இக்குழுக்களின் ஆயுள் குறுகியது. அவற்றின் அதிகாரம் சீரற்றது. ஆயினும் 'இப்படியே போகாது' எனச் சொல்லிக் காத்திராது, எப்படிப் போகவேண்டும் என்று முடிவுசெய்யத் துணிந்தோர் இவர்களே.

ஓகஸ்டில் இதன் உச்சத்தைக் காண்கிறோம். ஓகஸ்ட் 10 ஆந் திகதி பேர்லின் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அரச அச்சகமும் நின்றது. பணம் அச்சிடுவோரே கைகளைக் கட்டிக்கொண்டனர். நாட்டிற் பணத்தாளுக்கே பஞ்சம் ஏற்பட்டது. மறுநாள் ஆலைக் குழுக்களின் கூட்டம் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது; மின்சாரமும் போக்குவரத்தும் பாதிக்கப்பட்டன. ஓகஸ்ட் 12 இற் கூனோ பதவி துறந்தார். தாம் நாள்தோறும் அச்சிடும் தாளுக்குப் பெறுமதியில்லை, அதை அச்சிடும் தம் உழைப்புக்கு உண்டு என்பதைத் தொழிலாளர் மூன்று நாட்களில் மெய்ப்பித்தனர். லூகாச்சின் கனத்த அத்தியாயங்களுக்கு இதனினும் தெளிவான உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

ஆயின் அரசாங்கமொன்றை வீழ்த்தியவர்கள் அடுத்ததைத் தீர்மானிக்கவில்லை. மறுநாள் பிரதமரான ஸ்ரெஸமானின் கூட்டரசில் சமூக ஜனநாயகக் கட்சி சேர்ந்துகொண்டது. கம்யூனிஸ்ட் கட்சியின் வழியிலும் தெளிவிருக்கவில்லை. ஜூன் மாதத்தில் ராடெக், பிரெஞ்சுப் படையினராற் சுட்டுக்கொல்லப்பட்ட தேசியவாதி ஷ்லாகெட்டரைப் போற்றிப் பேசினார். தேசிய வெறியில் அள்ளுண்ட குட்டிபூர்ஷ்வாக்களை ஈர்க்கலாம் என்பது கணக்கு. அது பிழையான கணக்கு என்பதே நமது கருத்து. வர்க்கத்தின் மொழியை விட்டு எதிரியின் மொழியைப் பேசுபவன் எதிரிக்கே ஆள் சேர்க்கிறான். ஒக்டோபரிற் சக்சனியிலும் துரிங்கியாவிலும் இரு தொழிலாளர் கட்சிகளும் சேர்ந்து மாநில அரசு அமைத்தன. கெம்னிற்சில் ஒக்டோபர் 21 இற் கூடிய மாநாடு பொது வேலைநிறுத்தத்தை ஏற்காமையால் எழுச்சித் திட்டம் கைவிடப்பட்டது. ஹம்பேர்க்கில் மட்டும் 23 ஆந் திகதி கிளர்ச்சி வெடித்தது. ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். ரஷ்ய எழுத்தாளரான லரிசா ரைஸ்னர் இதனைப் பற்றி எழுதிய நூல், தோல்வியுற்றோரின் சமையலறைகளையும் மாடிப்படிகளையும் தெருமுனைகளையும் பெயர்த்துத் தந்த அரிய ஆவணம். அக்டோபர் இறுதியில் இராணுவப் பலத்துடன் சக்சனியின் அரசு நீக்கப்பட்டது. வலதுசாரி சர்வாதிகாரத்தை நாடிய பவேரியா மீது அத்தகைய கடுமை காட்டப்படவில்லை.

நவம்பர் 15 இற் புதிய நாணயமாகிய 'ரென்டன்மார்க்' வெளியிடப்பட்டது. ஓர் இலட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க். இதனை 'அற்புதம்' என அழைப்பது வழக்கமாகிவிட்டது. அற்புதத்தின் செலவை யார் ஏற்றனர் என்பதைப் பார்ப்போம். அரசின் உள்நாட்டு யுத்தக் கடன் 15,400 கோடி மார்க். புதிய கணக்கில் அது 15.4 பெனிக். அரசு கடனற்றதாயிற்று, தேசப்பற்றினாற் கடன்பத்திரம் வாங்கிய ஆசிரியரும் விதவையரும் சிறுசேமிப்பாளரும் ஓட்டாண்டியாயினர். 1925 ஜூலைச் சட்டம் ஈட்டுக் கடன்களுக்கு 25 வீதம், அரச கடன்களுக்கு 2.5 வீதம் என மறுமதிப்பு அளித்தது. ஆலைகளை வாங்கியோரிடமிருந்து ஆலைகள் மீளப் பெறப்படவில்லை. 2023 இல் இலங்கையின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை தொழிலாளரின் சேமலாப நிதிகள் மீது சுமத்தப்பட்டதை இவ்விடத்தில் நினைவுகூராது கடக்க முடியவில்லை.

ஒக்டோபர் 27 இன் ஆணையொன்று அரச ஊழியரைக் குறைக்க வழிசெய்தது. திருமணமான பெண் ஊழியரை நீக்குவதற்கு அதில் தனியே இடமளிக்கப்பட்டிருந்தது. ஆண்டு முழுவதும் வரிசையில் நின்றோர் முதலில் வெளியேற்றப்பட்டனர். டிசெம்பர் 21 இன் ஆணை, 1918 நவம்பரிற் புரட்சியின் விளைவாக வென்றெடுக்கப்பட்ட எட்டுமணி வேலைநாளில் ஓட்டையிட்டது. ஸ்ரின்னெஸ் கேட்ட மேலதிக மணிகள் இவ்வாறு கிடைத்தன. அவர் 1924 ஏப்பிரலில் இறந்தார்.

அக்குளிர்காலத்திற் கடைகளுக்கு வெண்ணெயும் மாவும் திரும்பி வந்தன. இன்று எழுதிய விலை நாளையும் அதே விலையாயிருந்தது. தொழிற்சங்க உறுப்பினருள் நான்கிலொரு பங்கினருக்கு மேல் வேலையற்றிருந்தனர். வேலையிலிருந்தோருட் பலர் குறைநேர வேலையினர். கேதே கொல்விற்ஸின் 'பாண்!' என்னும் கல்லச்சு ஓவியம், முகத்தை மறுபுறம் திருப்பிக் குனிந்து நிற்கும் தாயையும் அவளைப் பற்றியிழுக்கும் இரு குழந்தைகளையும் கொண்டது. அது வெளிவந்தது பணவீக்கத்தின் உச்சத்தில் அன்று. நாணயம் உறுதிப்பட்டபின், 1924 இல்.